எண்பது கிலோ மனிதர்

கயிற்றோடு வரும் காகிதத்தை யாரும் படிப்பதில்லை. பத்துப் பன்னிரண்டு மொழிகளில், எறும்பு ஊர்வதைப் போன்ற எழுத்தில் அச்சடித்து, மடித்து மடித்துச் சொருகியிருப்பார்கள். பாறையேற்றம் பழகவந்த முதல் ஆண்டில் நான் அதை உட்கார்ந்து படித்தேன். படித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

ஏறுகிறவர் விழும்போது நீண்டு கொடுத்துத் தாங்குவதற்காகச் செய்யப்பட்ட கயிறு இது. வீட்டுக் கொடிக்கயிறு போன்றதல்ல. கிணற்றுக் கயிறு போன்றதும் அல்ல. உள்ளே முறுக்கிய நைலான் புரிகள், வெளியே பின்னிய உறை. இந்த வகைக் கயிற்றை 1953இல் எடல்ரிட் என்ற ஜெர்மானிய நிறுவனம் கொண்டுவந்தது. இன்று ஈஎன் 892 என்ற ஐரோப்பியத் தரத்தின்படி இதைச் சோதிக்கிறார்கள். ‘ஒற்றைக் கயிறு’ என்று விற்கும் வகையின் நுனியில் 80 கிலோ எடையைக் கட்டி விழவிடுவார்கள். ஐந்து முறையாவது அறுந்துபோகாமல் தாங்க வேண்டும். முதல் முறை விழும்போது எடைக்குப் போய்ச் சேரும் விசை 12 கிலோநியூட்டனைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கயிறு தேறாது.

எண்பது கிலோ. அந்தக் காகிதத்தில் மனிதர் என்று யாரையும் குறிப்பிடவில்லை, எடை என்றுதான் இருக்கிறது. இருந்தாலும் எந்தப் பொருளுக்குப் பின்னாலும் அதைச் செய்தவர் மனத்தில் நின்ற ஓர் உடல் உண்டு. அந்த உடலின் எடை 80 கிலோ. என் எடை 49.

பெங்களூருக்கு வேலைக்கு வந்து ஏழாவது வருடம், முப்பத்து நான்கு வயதில், ஒரு வாரஇறுதி முகாமில் சேர்ந்தேன். ராமநகரக் கருங்கல் குன்றுகளில் பயிற்சி. ‘ஷோலே’ படமெடுத்த இடம் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரியும். முதல் நாளே ஒரு விஷயம் கண்ணில் பட்டது. ஆண்கள் ஏறினார்கள், பெண்கள் கயிறு பிடித்தார்கள். யாரும் திட்டமிட்டுச் செய்ததில்லை. “அக்கா, நீங்க கொஞ்சம் பிடிங்க, நான் முதல்ல போய்ட்டு வந்துடறேன்” என்று பவ்யமாகத்தான் கேட்டார்கள். கயிறு பிடிப்பதற்கு பிலே என்று பெயர். கீழே நிற்பவர் தன் இடுப்பில் மாட்டிய கருவியின் வழியே கயிற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக்கொடுப்பார். மேலே போகிறவர் விழுந்தால் பிடித்து நிறுத்துவார். கவனம், பொறுமை, மேலே பார்த்துப் பார்த்துக் கழுத்து வலிப்பது எல்லாம் அவர் கணக்கில். புகைப்படம் ஏறுகிறவர் கணக்கில். வீட்டிலே பழகிய வேலைப் பிரிவினை பாறைக்குப் போனதும் மாறிவிடுமா என்ன?

மூன்றாவது வாரம், 85 கிலோ எடையுள்ள ஒரு நண்பருக்கு நான் பிலே. அவர் முன்னோடியாக ஏறினார். அதாவது கயிறு மேலிருந்து தொங்கவில்லை, அவரே கீழிருந்து கொண்டுபோய்ப் பாறையில் அடித்திருக்கும் போல்ட்டுகளில் ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு போக வேண்டும். மூன்றாவது போல்ட்டுக்கு மேலே கால் வழுக்கிவிட்டது. அவர் கீழே வந்தார், நான் மேலே போனேன். முதல் போல்ட்டு வரைக்கும் பறந்து, பாறையில் தோள் மோதி, கருவி போல்ட்டில் முட்டி நின்றேன். கயிற்றை விடவில்லை. இருந்தும் நான் மேலேறிய அளவு அவர் கூடுதலாக இறங்கி, ஒரு கால் தரையில் இடித்துக் கணுக்கால் பிசகிவிட்டது. பயிற்சியாளர் ஓடிவந்தார். அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “இனிமே லேடீஸ் லீட் பிலே பண்ண வேணாம்” என்றார்.

அன்று இரவு அறையில் உட்கார்ந்துதான் அந்தக் காகிதத்தைப் படித்தேன். என்னிடம் ஓர் உயிரை ஒப்படைத்திருந்தார்கள், நான் தவறவிட்டேனா? இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை. ‘லேடீஸ்’ என்பதே பதிலாக அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது.

கணக்கு இப்படி: மேலே போல்ட்டில் மாட்டிய காரபினர் வழியாகக் கயிறு வளைந்து இறங்கும்போது உராய்வில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாரம் குறையும். 85 கிலோ மனிதர் அசையாமல் சும்மா தொங்கினாலே மறுபக்கம் சுமார் 57 கிலோ இழுக்கும். நான் 49. அவர் விழவே வேண்டியதில்லை, ஓய்வெடுக்கச் சாய்ந்தாலே என் குதிகால் தரையைவிட்டு எழும். இது பெண்மையைப் பற்றிய செய்தி அல்ல, தராசைப் பற்றிய செய்தி. அதே குழுவில் கல்லூரிப் பையன் ஒருவன் இருந்தான். என்னைவிட மூன்று கிலோதான் கூட இருப்பான். அவனைப் பிலேயிலிருந்து யாரும் விலக்கவில்லை. அவனுக்கு மட்டும் ஒரு மரத்தோடு சேர்த்துக் கட்டி நிற்கச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்கு வேண்டியதும் அந்த ஒரு முழக் கயிறும் மரமும்தான்.

அந்த மரம், அந்த எடை வித்தியாசம், இவை பற்றித் தொடக்கநிலையாளருக்கான கையேடுகள் என்ன சொல்கின்றன என்று பிறகு தேடித் தேடிப் படித்தேன். இந்தக் கையேடுகள் ஒரு தனி இலக்கிய வகை. எல்லாவற்றிலும் வரிசை ஒன்றுதான்: முதலில் ஷூ, அப்புறம் ஹார்னஸ், பிலே கருவி, பூட்டுக் காரபினர், சாக்குப்பொடிப் பை, ஹெல்மெட், கடைசியில் கயிறு. ‘நீங்கள்’ என்று வாசகரை விளிக்கும். அந்த ‘நீங்கள்’ சில பக்கங்கள் வரைக்கும் யாராகவும் இருக்கலாம். பிறகு ‘பெண்களுக்கு’ என்று ஒரு பெட்டிச் செய்தி வரும். அந்தப் பெட்டி வந்த உடனே தெரிந்துவிடும், இதுவரை பேசிக்கொண்டிருந்தது நம்மிடம் இல்லை என்று. சமையல் குறிப்பில் ‘காரம் வேண்டாதவர்கள்’ என்று கடைசியில் போடுவார்களே, அந்த இடம் நமக்கு. எடை வித்தியாசம் பல கையேடுகளில் ஒரு வாக்கியம். அதுவும் ஏறுகிறவரின் பாதுகாப்பு என்ற தலைப்பில். தூக்கி எறியப்படுகிறவரின் தோள்பட்டைக்குத் தலைப்பே இல்லை.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லியாக வேண்டும். 80 கிலோவைப் பார்த்ததும் ‘ஆணுக்காகச் செய்த கயிறு, பெண்ணுக்கு ஆபத்து’ என்று எழுதிவிடலாம். நானே அப்படி ஒரு கூட்டத்தில் பேசிக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன். அது பாதிதான் சரி. அறுந்துபோகுமா என்ற கேள்விக்குக் கனமான எடையால் சோதிப்பதே நல்லது. 80 கிலோவைத் தாங்குவது 49ஐத் தாங்கும். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. சோதனையில் 80 கிலோவுக்கு 9 கிலோநியூட்டன் விசை தரும் கயிறு, அதே விழுகையில் 50 கிலோவுக்குச் சுமார் 7 தரும். குறைவுதானே என்று தோன்றும். உடம்பின் ஒவ்வொரு கிலோவுக்கும் என்று பிரித்துப் பார்த்தால் அது ஏறக்குறைய கால் பங்கு அதிகம். எடை குறைந்தவருக்குக் கயிறு அவ்வளவு நீள்வதில்லை, வெட்டி நிறுத்துகிறது. கீழே கனமானவர் அசையாமல் நின்று பிடித்தால் விழுகிறவர் ஊஞ்சல் போல வந்து பாறையில் அறைவார். நான் ஏறி விழுந்தபோதெல்லாம் முழங்காலில் ரத்தம் வந்ததற்கு என் தொடக்கநிலை மட்டும் காரணமல்ல. கீழே 85 கிலோ நண்பர் ஆலமரம் மாதிரி நின்றிருந்தார். விழுகிற நேரத்தில் சிறிதாக எம்பிக் கொடுக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் கற்றுத்தரவில்லை. கற்றுத்தர வேண்டும் என்று எனக்கும் அப்போது தெரியாது.

ஆக, கயிறு என்னைக் கொல்லாது. என்னைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவும் செய்யாது. இந்த இரண்டும் வேறு வேறு குற்றச்சாட்டுகள். குழப்பிக்கொண்டால், இயற்பியல் தெரிந்த முதல் ஆளிடமே வாதத்தைத் தோற்றுவிடுவோம்.

எடை வித்தியாசத்துக்கென்று ஒரு கருவி 2016 வாக்கில்தான் சந்தைக்கு வந்தது. அதே எடல்ரிட் நிறுவனம் செய்த ஓம் என்பது அதன் பெயர். முதல் போல்ட்டில் மாட்டினால், விழும்போது கயிற்றைக் கவ்வி உராய்வைக் கூட்டும். கீழே நிற்பவர் பறக்க மாட்டார். உறைக் கயிறு வந்து அறுபது ஆண்டுகளுக்குப் பின்பு! அதற்குள் எத்தனை மனைவிகள், காதலிகள், தோழிகள் கணவர்களையும் காதலர்களையும் பிடித்து, முதல் போல்ட்டில் முட்டி நின்றிருப்பார்கள் என்று எண்ணிப் பார்க்கிறேன். வாங்க முடியாதவர்களுக்கு மரம் இருக்கிறது, பாறை இருக்கிறது. ஒரு முழக் கயிற்றால் தன்னைக் கீழ்நோக்கிக் கட்டிக்கொள்ளலாம். மேலிருந்து தொங்கும் கயிற்றில் பழகும் நாட்களில் இதுவே போதும். பிலே கருவியைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது. ‘முதலில் சாதாரணக் குழாய்க் கருவியில் பழகு, அப்புறம் தானே பூட்டிக்கொள்ளும் கிரிகிரிக்குப் போகலாம்’ என்பது பல பயிற்சியாளர்களின் நியதி. பெட்சல் நிறுவனத்தின் கிரிகிரி 1991 முதல் இருக்கிறது. பாறையில் மோதி நிலைகுலையக்கூடிய எடை குறைந்தவருக்கு முதல் நாளிலிருந்தே அதைக் கொடுக்க வேண்டும். அன்று என் இடுப்பில் இருந்தது அந்த வகைக் கருவி என்பதால்தான் நண்பருக்குக் கணுக்காலோடு போயிற்று. கை மட்டும் எந்தக் கருவியிலும் தடுப்புக் கயிற்றைவிட்டு நகரக் கூடாது. கருவி பிடித்துக்கொள்ளும் என்று நம்பிக் கையை எடுத்தவர்களின் கதைகள் நிறைய உண்டு.

ஹார்னஸுக்கு வருவோம். இதற்குத் தமிழ்ச்சொல் கேட்டபோது ஒரு நண்பர் ‘சேணம்’ என்றார். குதிரைக்குப் போடுவது. சேணம் வந்தால் பின்னாலேயே கடிவாளமும் வரும் என்று வேண்டாம் என்றேன். இத்தனைக்கும் தேனெடுக்கப் பாறையில் ஏறும் மூங்கில் ஏணிக்குச் சங்கத் தமிழில் ‘மால்பு’ என்று தனிச்சொல்லே இருக்கிறது. ஏறுவது நமக்குப் புதிதில்லை. ஏறும் உடம்பில் கட்டிக்கொள்வதுதான் புதிது.

முன்பெல்லாம் கயிற்றை நேராக இடுப்பில் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டார்கள். விழுந்து தொங்க நேர்ந்தால் விலா நெரிந்து மூச்சு முட்டிவிடும். உட்காரும் வகை ஹார்னஸ் பரவலானது 1970இல். அன்னபூர்ணாவின் தென்முகத்துக்குப் போன பிரிட்டிஷ் குழுவுக்காக டான் வில்லன்ஸ் வடிவமைத்தது. இரண்டு தொடைகளுக்கும் நடுவே ஒரு பட்டை ஓடும். அதில் தொங்கினால் ஆண்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி மலையேறிகளிடையே ஏகப்பட்ட நகைச்சுவைகள் உண்டு. பெண்களுக்கு என்ன ஆகும் என்பதைப் பற்றி ஒரு நகைச்சுவைகூட நான் கேட்டதில்லை. சிரிப்பதற்கும்கூட ஓர் உடம்பு முதலில் கண்ணில் பட வேண்டும்.

இன்றைய ஹார்னஸ்களில் பெண் வடிவம் என்பது வெறும் நிறமாற்றம் அல்ல. இடுப்புப் பட்டைக்கும் தொடை வளையங்களுக்கும் இடையிலான தூரம் கூடுதல். இடுப்போடு ஒப்பிட்டால் தொடை வளையம் பெரிது. பட்டை வளைந்து வெட்டியிருக்கும். இந்தத் தூரம் சரியாக இல்லாவிட்டால், பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்காராமல் கீழே இழுபடும். தொங்கும்போது பின்னால் சாய்த்துவிடும். முகாமில் எனக்கு எறிந்தது ஆண்களின் நடுத்தர அளவு. தொடை வளையம் இறுகி, இடுப்பு தொளதொளத்து, கூடுதல் பட்டையைச் சுருட்டிச் சொருகிக்கொண்டு ஏறினேன். “டைட்டா இழுத்துக்கட்டுங்க மேடம்” என்றார்கள். இழுத்துக் கட்டினால் சரியாகிவிடும் என்பது நமக்குச் சொல்லப்படும் பொதுவான அறிவுரை.

வாங்கும்போது செய்ய வேண்டியது சிறிய காரியம்தான். கடையில் கயிறு ஒன்று தொங்கவிட்டிருந்தால் ஐந்து நிமிடமாவது அதில் தொங்கிப் பாருங்கள். நின்று பார்த்தால் எல்லா ஹார்னஸும் பொருந்தும். பட்டையை இறுக்கியபின் இரண்டு விரல் தட்டையாக நுழைய வேண்டும். இரு கைகளாலும் கீழே இழுத்தால் இடுப்பெலும்பைத் தாண்டி இறங்கக் கூடாது. பூட்டுக்கு வெளியே நாலு விரல் நீளமாவது பட்டை மிச்சம் இருக்க வேண்டும். கடைக்காரர் ஆணாக இருந்து, தொடை வளையத்தைச் சரிசெய்ய அவர் தயங்கினால் அல்லது தயங்காமல் போனால், இரண்டுக்கும் பதில் ஒன்றே: கையை விலக்கச் சொல்லிவிட்டு நாமே செய்துகொள்வது. ஒரு வேடிக்கையும் உண்டு. இந்த வகை ஹார்னஸ் இடுப்பு ஒடுங்கி, இடுப்பெலும்பு விரிந்திருந்தால்தான் நழுவாமல் நிற்கும். தலைகீழானால் உருவிக்கொண்டு வரும் ஆபத்து யாருக்கு அதிகம் என்றால், குழந்தைகளுக்கு, கர்ப்பிணிகளுக்கு, தொப்பை வைத்த ஆண்களுக்கு. இவர்களுக்கு மார்புப் பட்டையோ முழுவுடல் ஹார்னஸோ வேண்டும். தொப்பைக்காரர்களை யாரும் ‘இனிமேல் ஏற வேண்டாம்’ என்று சொன்னதாகக் கேள்விப்பட்டதில்லை.

இன்னொரு விஷயம் எந்தப் பட்டியலிலும் வருவதில்லை. சாவன்துர்காவின் பெரிய பாறையில் ஐந்தாறு கட்டமாக ஏறும் நாளில், காலையில் ஹார்னஸ் கட்டினால் மாலையில்தான் கழற்ற முடியும். ஆண்கள் திரும்பி நின்றுகொள்கிறார்கள். பெண்கள் தண்ணீர் குடிப்பதில்லை. சித்திரை வெயிலில், நெருப்பாய்ச் சுடும் கருங்கல்லில், ஒரு வாய்த் தண்ணீரோடு ஏறிய தோழிகள் எனக்கு உண்டு. பள்ளிக்கூடத்திலிருந்து, பஸ் பயணத்திலிருந்து, அலுவலகத்திலிருந்து நாம் கொண்டுவந்த பழக்கம் இது. பின்பக்கத் தொடைப் பட்டைகளைக் கழற்றி மாட்டக்கூடிய ஹார்னஸ்கள் இருக்கின்றன. இடுப்புப் பட்டையையும் முடிச்சையும் தொடாமலே காரியம் முடியும். நான் ஹார்னஸ் பரிந்துரைக்கும்போது எடை, விலை, பஞ்சு எல்லாவற்றுக்கும் முன்னால் இந்தக் கொக்கியைத்தான் காட்டுகிறேன். இளம்பெண்கள் முகம் சிவந்து சிரிக்கிறார்கள். அப்புறம் வாங்குகிறார்கள்.

ஷூவில் என் அனுபவம் நேரெதிர். பெண்களுக்கான ஷூ என்று விற்பது பெரும்பாலும் ஒடுங்கிய பாதத்துக்கும் தாழ்ந்த மேற்பாதத்துக்கும் செய்தது. சேலம் பக்கத்துக் கிராமத்தில் பத்தாம் வகுப்புவரை வெறுங்காலில் நடந்து வளர்ந்த என் பாதம் அகலம், விரல்கள் விசிறி. பெண் வடிவம் எனக்கு ஏறவே இல்லை. நான் போடுவது ‘ஆண்’ ஷூ. என் 85 கிலோ நண்பரின் பாதம் மெலிந்தது; அவருக்குப் பொருந்தியது பெண்களுடையது. மயில்கழுத்து நிறத்தில் இருந்ததால் முதலில் மறுத்துவிட்டார். இப்போது சில நிறுவனங்கள் ஆண், பெண் என்பதை விட்டுவிட்டு, சாதாரணம், குறைந்த கொள்ளளவு என்று பிரிக்கத் தொடங்கியிருக்கின்றன. பெண்ணியம் கேட்டது இதைத்தான் என்று நினைக்கிறேன். உடம்பை அளந்து செய், உடம்புக்குப் பெயர் வைத்துச் செய்யாதே. ஹார்னஸில் பெண் வடிவம் வேண்டும் என்று சற்றுமுன் எழுதிவிட்டு ஷூவில் வேண்டாம் என்கிறேனே என்று கேட்பீர்கள். ஆமாம். ஹார்னஸும் ஒருநாள் தூரத்தின் அளவால் விற்கப்படட்டும். அதுவரைக்கும் சீட்டில் ‘பெண்’ என்று எழுதியிருப்பதை வாங்கிக்கொள்கிறேன்.

முதல் ஷூவை இறுக்கமாக வாங்கு என்பார்கள். கேட்காதீர்கள். விரல் முனை தொட வேண்டும், மடங்கி வலிக்கக் கூடாது. தட்டையான அடி போதும். மறக்காமல், மெட்டியைக் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள்.

இந்த மெட்டி விஷயம் சிறியதல்ல. மோதிரம், வளையல், மெட்டி, கழுத்துச் சங்கிலி எதுவும் பாறையில் கூடாது. விரல் விரிசலில் இருக்கும்போது கால் வழுக்கினால் மோதிரம் விரலின் தோலை உரித்துக்கொண்டு போகும். நீண்ட பின்னல் இறங்கும் கருவிக்குள் சிக்கிக்கொண்டால், உடம்பின் மொத்த எடையும் தலைமயிரில் தொங்கும். பின்னலைத் தாழ்வாகப் போட்டுச் சட்டைக்குள் விட வேண்டும். உச்சிக்கொண்டைமேல் ஹெல்மெட் உட்காராது. ஐந்து கிலோ எடையை இரண்டு மீட்டர் உயரத்திலிருந்து போட்டு ஹெல்மெட்டைச் சோதிக்கிறார்கள். நெற்றி தெரியச் சாய்த்துப் போட்டால் அந்தச் சோதனைக்குப் பொருளே இல்லை. இதெல்லாம் எல்லாக் கையேட்டிலும் ஒரு வரியில் இருக்கிறது: ஆபரணங்களைக் கழற்றுக. எழுதியவருக்கு அது ஒரு வரி. எங்கள் குழுவில் கல்யாணமாகி நான்கு மாதமான பெண் ஒருத்தி பாறையடியில் உட்கார்ந்து தாலியைக் கழற்றி, கைக்குட்டையில் முடிந்து, சாக்குப்பொடிப் பையின் ஜிப் அறையில் போட்டாள். கை நடுங்கியது. உயரத்துக்கு அவள் பயந்ததே இல்லை. “அக்கா, போட்டோல கழுத்து தெரியாம எடுங்க, அத்தை பார்த்துடுவாங்க” என்றாள். அன்று அவள் ஏறிய பாதையின் கடினத்துக்கு இந்த உலகத்தில் எந்தத் தரவரிசையும் கிடையாது.

உடை பற்றிய இந்தப் போராட்டம் நமக்கு மட்டும் உரியதல்ல. 1871இல் மாட்டர்ஹார்ன் உச்சியில் நின்ற முதல் பெண் லூசி வாக்கர் பாவாடையோடுதான் ஏறினார். 1895இல் அதே மலையில் காற்சட்டை போட்டு ஏறிய ஆனி ஸ்மித் பெக்கின் உடையைப் பற்றிப் பத்திரிகைகள் விவாதித்தன. 1907இல் பெண்களுக்கென்று லண்டனில் தொடங்கிய மலையேற்றச் சங்கத்தின் முதல் தலைவர் லிசி லெ பிளாண்ட், ஊர் கண்ணுக்கு மறைந்ததும் பாவாடையைக் கழற்றி வைத்துவிட்டு ஏறி, திரும்பும்போது உடுத்திக்கொள்வார். கைக்குட்டையில் முடிந்த தாலிக்கும் பாறை இடுக்கில் சுருட்டி வைத்த பாவாடைக்கும் நூறு வருட இடைவெளி இருக்கிறது என்று சொல்லத்தான் ஆசை.

இவர்களில் எனக்கு நெருக்கமானவர் அமெரிக்கரான மிரியம் ஓ’பிரையன். எப்போதும் திறமையான ஒருவருக்குப் பின்னால் ஏறுகிறவர் ஏறுவதன் பாதிச் சுவையைத் தவறவிடுகிறார் என்று அவருக்குத் தோன்றியது. பாதை பார்ப்பது, முடிவெடுப்பது, கயிற்றைக் கையாள்வது எல்லாம் முன்னால் போகிறவரின் சொத்தாகிவிடுகிறது. ஆண் வழிகாட்டியோ ஆண் நண்பரோ கயிற்றில் இருந்தால் நெருக்கடி வந்ததும் பொறுப்பு தானாக அவரிடம் போய்விடும் என்பதால் ஆண்களே இல்லாமல் ஏறத் தொடங்கினார். 1929இல் ஆலிஸ் தாமேமுடன் ஆல்ப்ஸ் மலையின் கிரெப்போன் சிகரம்; 1932இல் அவருடனேயே மாட்டர்ஹார்ன். கிரெப்போனை இரண்டு பெண்கள் ஏறிவிட்டதால் இனி தன்மானமுள்ள ஆண் அதை ஏற முடியாது என்று அப்போது ஓர் ஆண் மலையேறி குறைப்பட்டுக்கொண்டாராம். 1993இல் யோசெமிட்டியின் எல் கேப்பிட்டன் பாறையில் ‘நோஸ்’ என்ற பாதையைக் கருவிகளில் தொங்காமல் கைகால்களால் மட்டும் முதன்முதலில் ஏறி முடித்தவர் லின் ஹில். ஐந்தடி இரண்டு அங்குலம். சின்ன விரல்கள், அதனால் விரிசலில் நுழைந்தன என்ற விளக்கம் உடனே தயாராக இருந்தது. பெண் பறந்து போல்ட்டில் முட்டினாலும் உடம்புதான் காரணம், யாரும் ஏறாததை ஏறினாலும் உடம்புதான் காரணம்.

அதே லின் ஹில் 1989இல் பிரான்சின் பூ என்ற இடத்தில் இருபது மீட்டருக்கும் மேலிருந்து விழுந்தார். கயிற்றை ஹார்னஸில் நுழைத்தவர் முடிச்சை முடிக்க மறந்திருந்தார். மரக்கிளைகளில் விழுந்ததால் பிழைத்தார். உலகத்தின் முதல்நிலை ஏறிகளில் ஒருவர், நல்ல கயிறு, நல்ல ஹார்னஸ். அதனால்தான் ஏறும் முன் ஒருவர் முடிச்சை மற்றவர் தொட்டுப் பார்க்கும் வழக்கத்தை எந்தக் கருவிக்கும் மேலாக வைக்கிறேன். எட்டு வடிவ முடிச்சு. இரட்டை இழைகள் ஐந்து இடத்தில் இணையாக ஓடுகின்றனவா என்று எண்ணுவது. பூட்டுக் காரபினர் பூட்டியிருக்கிறதா என்று அழுத்திப் பார்ப்பது. முகாம்களில் ஆண்கள் பெண்களின் முடிச்சைச் சரிபார்ப்பார்கள். பெண் ஓர் ஆணின் முடிச்சைச் சரிபார்க்கக் கை நீட்டினால் “நான் பார்த்துட்டேன்” என்பார்கள்.

இன்னொரு பக்கம் பார்த்தால் வெட்கமாக இருக்கிறது. நாங்கள் ஏறும் அதே கருங்கல்லை ஓசூர், கிருஷ்ணகிரிப் பக்கக் குவாரிகளில் சும்மாட்டுத் துணியோடும் ரப்பர் செருப்போடும் பெண்கள் உடைக்கிறார்கள், சுமக்கிறார்கள். ஹெல்மெட்டின் நிறத்தைப் பற்றி நான் விமர்சனம் எழுதிக்கொண்டிருக்கிறேன். கல்லோடு புழங்கும் பெண்ணுக்கு எந்தக் கருவி தேவை என்ற கேள்வியை ராமநகரத்தில் கேட்டுவிட்டு ஓசூரில் கேட்காமல் போனால் அந்தக் கேள்விக்கு என்ன மதிப்பு? அதை எழுதத் தகுந்தவர் நான் இல்லை. ஆனால் எழுதாத பக்கம் என்று ஒன்று இருப்பதை மறைக்கவும் எனக்கு விருப்பமில்லை.

சொந்தக் கயிறு வாங்க எனக்கு இரண்டு வருடம் ஆனது. அதுவரை இரவல். கயிறு யாருடையதோ அவர்தான் எங்கே, எப்போது, யார் முதலில் என்று முடிவுசெய்வார். அது எழுதாத சட்டம். குறைந்த விலைக்குப் பழைய கயிறு தருகிறேன் என்று ஒருவர் சொன்னார். ஹார்னஸும் கயிறும் எத்தனை விழுகை கண்டன, எந்த அமிலம் பட்டது என்று தெரியாமல் இரண்டாம் கையாக வாங்கக் கூடாது. இரும்புச் சாமான் பரவாயில்லை. மூன்று பெண்கள் பணம் போட்டோம். 60 மீட்டர், 9.8 மில்லிமீட்டர். மெல்லியது இலேசாக இருக்கும். தொடக்கத்தில் கை வழுக்கும், தேய்ந்தும் போகும். ரசீது என் பெயரில். காகிதத்தை மடிக்காமல் ஒரு நெகிழி உறையில் போட்டு வைத்திருக்கிறேன்.

போன மார்கழியில் அந்தக் கயிற்றோடு அதே பாதைக்குப் போனோம். நான் ஏற வேண்டும், கீழே தாலி கழற்றிய பெண். அவள் 58 கிலோ, நான் 50 தொட்டிருந்தேன். அவள் இடுப்பில் கிரிகிரி. மரத்தில் கட்டவில்லை; தேவையிருக்கவில்லை. மூன்றாவது போல்ட்டுக்கு மேலே, நண்பர் வழுக்கிய அதே இடத்தில், எனக்கும் கால் போனது. அவள் ஒரு சிறு எம்பு எம்பினாள். கயிறு மெத்தென்று வாங்கிக்கொண்டது. தொங்கியபடி கீழே பார்த்தேன். “அக்கா, முட்டி இடிச்சுதா?” என்று கேட்டாள். இல்லை என்றேன். “அப்ப ஏறுங்க, வெயில் வந்துடும்” என்றாள்.